ஆச்சாரச் சமையலும் தனித் தட்டும்



இந்த முறை சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறோம். திருவண்ணாமலையில் ஒரு ரிசார்ட்டுக்குப் போய், காசும் கொடுத்து, வயிறும் மனசும் நிறையாமல் திரும்பி வந்த ஒரு மதியச் சாப்பாடு. "இத்தனை வன்கொடுமை வழக்குகள் நிலுவையில் கிடக்கும்போது ஓட்டல் கதை தேவையா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு முதலில் ஒரு பதில்.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15வது பிரிவை எடுத்துப் படியுங்கள். அதன் இரண்டாம் உட்பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணம் காட்டி எந்தக் குடிமகனையும் எங்கெல்லாம் தடுக்கக்கூடாது என்று பட்டியல் போடுகிறது. பட்டியலில் முதலில் வருவது கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள். கிணறும் குளமும் குளியல் துறையும் சாலையும் அதற்குப் பிறகுதான். இந்தத் தடை அரசை மட்டும் கட்டுப்படுத்துவதல்ல, ஓட்டல் முதலாளியையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது. நாடு எப்படி இருக்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தவர்கள் ஓட்டலை ஏன் முதல் வரியில் வைத்தார்கள்? நம் தாத்தா பாட்டிகள் பசியோடு வெளியே நின்ற இடம் அது என்பதால்தான்.

அண்ணல் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' சின்னப் புத்தகம். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். அதில் வருபவற்றில் பல பயணத்தில் நடந்தவை. 1917ல் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்கு வருகிறார். வெளிநாட்டில் கழித்த ஆண்டுகளில், தான் தீண்டப்படாதவர் என்ற நினைப்பே தன் மனத்திலிருந்து அழிந்து போயிருந்தது என்கிறார். பரோடா ரயில் நிலையத்தில் இறங்கியதும் அந்த நினைப்பு திரும்ப வந்துவிடுகிறது. எந்த விடுதியில் இடம் கொடுப்பார்கள்? கடைசியில் ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்குகிறார். சில நாட்களில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து அவரை வெளியேற்றுகிறது. இரண்டு பல்கலைக்கழகங்களில் படித்தவர், தங்க ஓர் அறைக்காக வேறு பெயரில் ஒளிந்திருக்க வேண்டியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். 'பஞ்சமர்களுக்கு இடமில்லை' என்ற பலகைகள் ஓட்டல்களில் தொங்கிய காலம் இருந்தது. பேருந்திலும் ஏற்ற மறுத்தார்கள். இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ.சவுந்தரபாண்டியனார், ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமத்தை ரத்து செய்வேன் என்று உத்தரவு போட்ட பிறகே அந்த மாவட்டத்தில் பேருந்துக் கதவு திறந்தது. 1924ல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். 1957ல் சென்னை திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' பெயர்ப் பலகை வைத்திருந்த ஒரு காபி ஓட்டலின் முன் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். மறு ஆண்டு பலகை இறங்கியது.

பலகை இறங்கியது பெரிய வெற்றி. ஆனால் பலகை இறங்கிய ஓட்டல்களின் சமையல்கட்டுக்குள் யார் போக முடிந்தது, எச்சில் இலையை எடுத்தவர் யார், எடுத்தவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்ற கேள்விகள் அப்படியே இருந்தன. நாங்கள் சொல்லப் போகும் கதை அந்தக் கேள்விகளைப் பற்றியது.

திருவண்ணாமலையை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மலை, கோயில், பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை, எட்டு லிங்கங்கள், பௌர்ணமிக் கூட்டம், கார்த்திகை தீபம். 1896ல் இங்கே வந்த ரமணரைத் தேடி வெளிநாட்டவர் வரத் தொடங்கி தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1934ல் வெளியான பால் பிரண்டனின் புத்தகம் இந்த ஊரை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தியது. இன்றும் மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் வரை செங்கம் சாலைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் போவதைப் பார்க்கலாம். அவர்களை நம்பி விடுதிகள், யோகா கூடங்கள், காபிக் கடைகள், இப்போது ரிசார்ட்டுகள்.

எங்களுக்கு இந்த மாவட்டம் வேறு மாதிரி. 2023 ஜனவரி 30 அன்று தென்முடியனூரில் தலித் மக்கள் முதல் முறையாக மாரியம்மன் கோயிலுக்குள் போனார்கள். மாவட்ட நிர்வாகமும் பெரிய போலீஸ் படையும் உடன் வரவேண்டியிருந்தது. சொந்த ஊர்க் கோயிலுக்குள், தலைமுறைகளுக்குப் பிறகு, துப்பாக்கிப் பாதுகாப்போடு போய்க் கும்பிட வேண்டிய மக்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பத்திலும் அப்படித்தான் கதவு திறந்தது. உலகம் முழுவதிலிருந்தும் மனிதர்கள் "நான் யார்?" என்று கேட்டுக்கொண்டு வருகிற ஊரின் பக்கத்துக் கிராமங்களில், "நீ யார்?" என்று கேட்டு வாசலில் நிறுத்துகிறார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

எங்கள் தோழி ஒருவர் பிரான்சிலிருந்து வந்திருந்தார். புதுச்சேரிக் குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அங்கேயே குடியுரிமை வாங்கியவர். புதுச்சேரிச் சேரிகளிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் நிறைய உண்டு. தோழி பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். தமிழ் பேசுவார், மெதுவாக. அவருக்கு இது வெளிநாட்டுப் பயணம். இணையத்தில் படம் பார்த்து ஊருக்கு வெளியே ஒரு ரிசார்ட்டில் அறை எடுத்திருந்தார். மாணவர்களுக்கான எங்கள் மூன்று நாள் பயிற்சி முகாம் முடிந்த மறுநாள், "எல்லாரும் வாங்க, நான் சாப்பாடு வாங்கித் தர்றேன்" என்று கூப்பிட்டார். நாங்கள் நான்கு பேர், இரண்டு பைக்கில் போனோம்.

வாசலில் காவலர் நிறுத்தினார். "யாரப் பாக்கணும்?" சொன்னோம். "டிரைவருங்க சாப்பாடு பின்பக்கம் சார்" என்றார். நாங்கள் டிரைவர்கள் இல்லை. இருந்திருந்தால்தான் என்ன? விருந்தாளி என்று சொன்ன பிறகும் உள்ளே போன் போட்டு, அறை எண் கேட்டு, பேரேட்டில் நான்கு பேர் பெயரும் ஊரும் எழுதச் சொன்னார். ஊர் என்ற இடத்தில் ஒருவர் 'திருவண்ணாமலை' என்று எழுத, "எந்தப் பக்கம்?" என்று இன்னொரு கேள்வி. இந்த "எந்தப் பக்கம்" என்ற கேள்விக்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் தோழி உள்ளேயிருந்து நடந்து வந்தார். காவலர் எழுந்து சல்யூட் அடித்தார். தோழியும் எங்களைப் போலவே கறுப்பு. எங்களைப் போலவே சேரியிலிருந்து கிளம்பிய குடும்பம். வித்தியாசம் அவர் பையில் இருந்த பாஸ்போர்ட் மட்டும்தான். தாத்தா கப்பல் ஏறியதால் பேத்திக்கு சல்யூட் கிடைக்கிறது. கப்பல் ஏறாத தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரேடு கிடைக்கிறது.

கூரை வேய்ந்த அழகான சாப்பாட்டுக் கூடம். எதிரே மலை. மேசை மேல் ஒரு அட்டை. ஆங்கிலத்திலும் தமிழிலும் அச்சிட்டிருந்தார்கள். சாத்வீக உணவு, வெங்காயம் பூண்டு இல்லை, முட்டை இல்லை. அதுவரை சரி. யார் எதைச் சாப்பிட விரும்புகிறார்களோ சாப்பிடட்டும், எதை விற்க விரும்புகிறார்களோ விற்கட்டும். சைவச் சாப்பாட்டோடு எங்களுக்குப் பகை கிடையாது. ஆனால் கடைசி வரி இது: 'ஆச்சாரமான முறையில், பரம்பரைச் சமையற்காரர்களால் சமைக்கப்பட்டது.'

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சமூகவியல் படித்த காலத்தில் வகுப்பில் இதைத்தான் படித்தோம்: யார் சமைத்ததை யார் வாங்கிச் சாப்பிடுவார், யார் கையால் தண்ணீர் வாங்குவார், யார் கையால் வாங்கமாட்டார். மெக்கிம் மேரியட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஒரு கிராமத்தில் சாப்பாடு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று கணக்கெடுத்தே அங்கே சாதி அடுக்கை வரைந்து காட்டினார். பரம்பரை என்றால் சாதி. ஆச்சாரம் என்றால் தீட்டு பார்ப்பது. திருவல்லிக்கேணியில் இறங்கிய பலகை, கையடக்க அட்டையாகி மலையடிவாரத்து மேசையில் உட்கார்ந்திருந்தது.

சாப்பாடு வந்தது. தோழி ஆசையாகச் சொன்னது 'பாரம்பரியக் கேழ்வரகுக் கூழ்'. ஒரு சின்ன மண் குவளை, கையில் அடங்கிவிடும். அதன்மேல் ஏதோ முளைவிட்ட கீரைத் தழை. பக்கத்தில் இரண்டு மோர் மிளகாய். விலை 220 ரூபாய். கூழ் புளிக்கவே இல்லை. முந்தின நாள் கரைத்து வைத்து மறுநாள் காய்ச்சாத கூழ் எப்படிக் கூழாகும்? வெங்காயம் இல்லை, கருவாடு இல்லை. எங்கள் ஆயாக்கள் களத்துமேட்டில் சொம்பில் கரைத்துக் குடித்த கூழ் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கேலிப் பெயராக இருந்தது. இப்போது அதிலிருந்து கருவாட்டையும் வெங்காயத்தையும் ஆயாவையும் எடுத்துவிட்டுப் பாரம்பரியம் என்று விற்கிறார்கள்.

மற்றவையும் சொல்லும்படி இல்லை. சாம்பார் ஆறிப்போயிருந்தது. பொரியலில் உப்பு இல்லை. தயிர்சாதம் ஒரு கரண்டி. தோழி தட்டைப் பார்த்துச் சிரித்தார். "பாரிஸ்ல லா ஷாப்பல் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரங்க கடையில இதவிட நல்லா இருக்கும்." பிறகு அவரே, "அங்கயும் சாப்பிட்டு முடிச்சதும், ஊர்ல எங்கன்னு கேப்பாங்க" என்றார்.

பரிமாறிய தம்பிக்கு இருபது வயது இருக்கும். வந்ததும் எங்களைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். எங்கள் மாலை வகுப்பு நடக்கும் ஒரு காலனியைச் சேர்ந்த பிள்ளை. கேட்டரிங் டிப்ளமோ முடித்தவர். எங்களில் ஒருவர் வாயெடுப்பதற்குள் பார்வையைத் திருப்பிக்கொண்டு, "என்ன சாப்பிடுறீங்க சார், மேடம்" என்றார். புரிந்தது. நாங்களும் தெரியாதவர்களாகவே இருந்தோம்.

கை கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்று, தண்ணீர்ச் சத்தத்துக்குள் பேசினார். "அக்கா, எங்க ஊருப் பேரு மட்டும் சொல்லிடாதீங்கக்கா. இங்க டவுனுன்னு சொல்லி வச்சிருக்கேன்." "தெரிஞ்சா என்னப்பா?" "ஹவுஸ்கீப்பிங்ல போட்டுருவாங்க. நம்மூருப் பசங்க ரெண்டு பேரு அதுலதான் கீறாங்க. அவங்களுக்குப் பின்னாடி தட்டு, டம்ளர் எல்லாம் தனி. கிச்சன் பக்கமே போவக் கூடாது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கக்கா."

பரோடா விடுதிப் பதிவேட்டில் எழுதிய பார்சிப் பெயர் ஞாபகம் வருகிறதா? நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பிள்ளை, படித்த படிப்புக்கேற்ற வேலையில் நீடிக்க, தன் ஊரை மறைக்கிறார். அண்ணல் ஒளிந்தது விருந்தினராக. தம்பி ஒளிந்திருப்பது தொழிலாளியாக.

பில் வந்தது. சாப்பாட்டுக்கு மேலே ஜி.எஸ்.டி., அதற்கு மேலே பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். மேலாளரைக் கூப்பிட்டோம். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது, டெல்லி உயர்நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்திருக்கிறது என்று சொன்னோம். முகம் சுளித்தார், ஆனால் எடுத்துவிட்டார். பிறகு அந்த அட்டையைக் காட்டி, "பரம்பரைச் சமையற்காரர்னா யாருங்க?" என்று கேட்டோம். "அது சும்மா மேடம், கெஸ்ட்டுங்க எதிர்பார்ப்பாங்க. ஃபாரினர்ஸுக்கு அதெல்லாம் பிடிக்கும்" என்றார். எங்கள் தோழி நிதானமாகத் தமிழில் சொன்னார்: "நான்தாங்க ஃபாரினர். நான் எதிர்பார்க்கல." மேலாளரிடம் பதில் இல்லை. அட்டை மேசையிலேயே இருந்தது.

ரிசார்ட்டின் பெயரை ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். காரணம் ஒன்றுதான். பெயரை எழுதினால் மறுநாள் காலை வேலை போகப்போவது மேலாளருக்கு அல்ல. தம்பிக்கும், பின்கட்டில் தனித் தட்டில் சாப்பிடும் அந்த இரண்டு பேருக்கும். புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. அதை அவர்களுக்காக நாங்கள் எடுக்க முடியாது.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டிய சிக்கல் இருக்கிறது. ஓட்டல் தீண்டாமை என்றதும் நம் மனசில் வருவது வாடிக்கையாளர். இரட்டைக் குவளை, தரையில் உட்கார வைப்பது, பெஞ்சில் உட்காரவிடாதது. அது ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருப்பதை மாவட்ட ஆட்சியரே நேரில் கண்டுபிடித்து வழக்குப் பதிவானது. 2024 பிப்ரவரியில் தருமபுரி மாவட்டத்தில் கூலி வேலைக்கு வந்த தலித் பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் தேநீர் கொடுத்தவர்கள் கைதானார்கள். இவையெல்லாம் வெளியே தெரிந்தவை. குடிக்கிறவர் பார்க்கிறார், புகார் சொல்கிறார், வழக்காகிறது.

சமையல்கட்டு அப்படியில்லை. அங்கே நடப்பது வாடிக்கையாளர் கண்ணில் படாது. பட்டவர் சொன்னால் வேலை போகும். 2018ல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர் திரண்டபோது அது நாடு முழுவதும் செய்தியானது. காரணம், அது அரசு வேலை, அந்த அம்மா துணிந்து நின்றார். 2023ல் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்தில் தலித் பெண் சமைத்ததைப் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தபோது ஆட்சியர் நேரில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு தனியார் விடுதியின் சமையல்கட்டுக்கு எந்த ஆட்சியர் போவார்? அங்கே தலித் சமையற்காரரைத் தடுக்க ஊர் திரள வேண்டியதே இல்லை. ஆள் எடுக்கும்போதே "எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும்.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. அமெரிக்காவில் அலபாமா மாநிலம் பர்மிங்காமில் 'ஆலிஸ் பார்பெக்யூ' என்று ஓர் உணவகம். அங்கே வேலை செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பினத்தவர். ஆனால் கறுப்பின வாடிக்கையாளர் உள்ளே உட்கார முடியாது, வாங்கிக்கொண்டு போகத்தான் முடியும். 1964ல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அந்த முதலாளி உச்ச நீதிமன்றம் வரை போனார். அதே ஆண்டு டிசம்பரில் தோற்றார். அங்கே கறுப்பர் சமைக்கலாம், உட்காரக் கூடாது. இங்கே நாம் உட்காரலாம், சமைக்கக் கூடாது.

மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் மட்டும் சாப்பிடும் மேசையில் போய் உட்கார்ந்தார்கள். கொடுக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். ஜூலை மாதம் கடை இறங்கிவந்தது. அந்த மேசையில் முதலில் உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பினத்தவர் யார் தெரியுமா? அதே கடையில் வேலை பார்த்த ஊழியர்கள். மாணவர்கள் தொடங்கிய போராட்டத்தின் முதல் தட்டு தொழிலாளிக்குப் போனது. ஈழத்திலும் யாழ்ப்பாணத்தில் இதே போராட்டம் நடந்தது. 1957லேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தும் தேநீர்க்கடைகள் திறக்கவில்லை. 1960களின் பிற்பகுதியில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டமாகத் தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்து, அடி வாங்கி, உயிரும் கொடுத்துத்தான் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

உணவில் சாதியே இல்லை, அது ஆரோக்கியம், ஆன்மிகம் என்று சொல்கிறவர்கள் இரண்டு சம்பவங்களை நினைத்துப் பார்க்கட்டும். 2022 மே மாதம் பக்கத்து மாவட்டமான திருப்பத்தூரில் ஆம்பூர் பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு இல்லையா என்று விளக்கம் கேட்டது. விழா தள்ளிவைக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்.என்.ரவி திருவண்ணாமலைக்கு வந்துவிட்டு, கிரிவலப் பாதையில் அசைவ உணவகங்கள் இருப்பது பக்தர்களைப் புண்படுத்துகிறது என்று கருத்துச் சொன்னார். அந்தப் பாதையில் காலங்காலமாகக் குடியிருந்து, பிரியாணி விற்று, மீன் வறுத்துப் பிழைக்கிறவர்களும் இந்த ஊர் மக்கள்தானே? அவர்கள் புண்பட்டார்களா என்று யார் கேட்டார்கள்? சைவம் ஒருவரின் விருப்பமாக இருக்கும்வரை யாருக்கும் தொல்லை இல்லை. ஊருக்கே விதியாக மாறும்போதும், சமையற்காரரின் பிறப்பைக் கேட்கும்போதும்தான் அது சாதியாகிறது.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1955ல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1976 திருத்தத்துக்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4வது பிரிவு ஓட்டலுக்குள் நுழைவதையும், அங்கே பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பது குற்றம் என்கிறது. நம்மில் பலர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். அதே பிரிவு தொழில் செய்வதிலும், எந்த வேலையில் அமர்த்தப்படுவதிலும் தீண்டாமையின் பேரால் தடை விதிப்பதையும் குற்றமாக்குகிறது. பாகுபாடு காட்டுவதும் தடைதான் என்று விளக்கமும் கொடுத்திருக்கிறது. ஆக, "நீ கிச்சனுக்குள் வரக்கூடாது" என்பது முதலாளியின் நிர்வாக முடிவு அல்ல. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொது இடங்களில் நுழைவதையும் பொதுப் பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுப்பதை 3(1)(za) பிரிவில் சேர்த்தது. அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை தண்டனை.

சட்டம் இருக்கிறது. ஆனால் புகார்தாரர் இல்லாமல் சட்டம் நகராது. புகார்தாரராக முன்வர வேண்டியவர் அந்த இடத்தில் மிகவும் பலவீனமானவர். எனவே தனி ஒருவர் தலையில் சுமையை ஏற்றாத வழிகளை நாம் தேட வேண்டும். எங்களுக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறோம்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995ன்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது கூட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூட்டத்தில் தேநீர்க்கடைகளோடு விடுதிகளின் ஊழியர் உணவிடங்களையும், ஆள் எடுக்கும் முறையையும் ஆய்வு செய்யச் சொல்லி மனு கொடுங்கள். ஒரு ரிசார்ட்டின் பெயரைச் சொன்னால் ஒரு தம்பி மாட்டுவார். எல்லா விடுதிகளையும் ஆய்வு செய்யச் சொன்னால் யாரும் மாட்டமாட்டார். நாங்கள் அப்படி ஒரு மனுவைத்தான் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். மாவட்டத்தில் இருக்கும் மாணவர்கள் கையெழுத்தோடு சேர்ந்துகொள்ளலாம்.

கேட்டரிங், ஓட்டல் மேலாண்மை படிக்கும் நம் பிள்ளைகள் ஏராளமாக இருக்கிறார்கள். படிப்பு முடித்து எந்தப் பிரிவில் வேலை கிடைத்தது, சமையலிலா, பரிமாறுவதிலா, கழிவறை கழுவுவதிலா என்று ஒரு கணக்கெடுப்பை நீங்களே உங்கள் கல்லூரியில் செய்யலாம். பெயர் வேண்டாம். படிப்பு, சமூகம், கிடைத்த வேலை என்று மூன்று கேள்வி போதும். சமூகவியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு கிடைக்காது. வேலையிடத்தில் சாதிக் கொடுமை நடந்தால் வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566 இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். எப்போது அழைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். முடிவெடுத்த அன்று வழக்கறிஞரும் பத்துப் பேரும் கூட நிற்பார்கள் என்ற நம்பிக்கையை இப்போதே கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. நாம் எல்லோரும் ஓட்டலில் சாப்பிடுகிறோம், பயணம் போகிறோம், வசதி வந்தால் ரிசார்ட்டிலும் தங்குவோம். அதில் தவறில்லை, அது நம் உரிமை. காசு கொடுக்கும்போது கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்தே வருகிறது. அரிசி எந்த ஊர், எண்ணெய் செக்கில் ஆட்டியதா, காய்கறி இயற்கை உரத்தில் விளைந்ததா என்றெல்லாம் இன்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள், முதலாளிகளும் பெருமையாகப் பதில் சொல்கிறார்கள். அதோடு இதையும் கேட்போம்: உங்கள் சமையல்கட்டில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சமைக்கிறார்களா? பாத்ரூம் கழுவுகிறவர் எந்தத் தட்டில் சாப்பிடுகிறார்? அந்தத் தட்டு மற்றத் தட்டுகளோடு ஒரே அலமாரியில் இருக்கிறதா?

ஒருவர் கேட்டால் மேலாளர் முகம் சுளிப்பார். நூறு பேர் கேட்டால் அட்டையை எடுப்பார். ஆயிரம் பேர் கேட்டால் தட்டை மாற்றுவார்.

ஜெய்பீம்.